சவர சோப்பும் சிறுவாணித் தண்ணியும்



போன வாரம் ஒரு படம் போட்டிருந்தேன். ஜெர்மனியில் வேலை பார்க்கும் மாணவர் ஒருவர் ஊருக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போன சவர சோப்பு, பக்கத்தில் என் பழைய பிரஷ். அவ்வளவுதான் படம். அதற்கு வந்த கேள்விகள்தான் ஆச்சரியம். "சார், இன்னும் பிரஷ் வெச்சா சேவிங் பண்றீங்க?" என்று ஒருவர். "மாமா, இது எங்க கெடைக்கும்? எனக்குக் கழுத்தெல்லாம் பொரிப்பொரியா வருது" என்று அக்கா மகன். "குளிக்கிற சோப்பையே போட்டா ஆகாதுங்களா?" என்று சூலூரிலிருந்து ஒருவர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் செய்ய என் விரல் ஒத்துழைக்காது. அதனால் மொத்தமாக எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதிதல்ல.

முதலில் அந்தக் குளிக்கிற சோப்புக் கேள்வி. ஆகாதுங்க. அவசரத்துக்கு ஒரு நாள் போடலாம், வழக்கமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு, கூடவே கிளிசரின். இது எட்டாம் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதிப் போட்டது. காரம் எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குளிக்கிற சோப்புக்குக் காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு. கட்டியாக நிற்கும், சீக்கிரம் கரையாது. சவர சோப்புக்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் சேர்ப்பார்கள். அது சோப்பை இளக்கும். பிரஷ் பட்டதும் கரைந்து வரும். அடுத்தது, எந்தக் கொழுப்பு என்பது. நம் பொள்ளாச்சி, காங்கேயம் பக்கத்துத் தேங்காய் எண்ணெயில் சோப்பு செய்தால் நுரை பொங்கிக்கொண்டு வரும், பெரிய பெரிய குமிழியாக. ஆனால் நிற்காது. தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசையையும் வழித்துக்கொண்டு போய்விடும். ஸ்டியரிக் அமிலம் அதிகமாக உள்ள கொழுப்பில் செய்தால் குமிழி கண்ணுக்கே தெரியாத அளவு சின்னதாக, கனமாக, காயாமல் நிற்கும். நல்ல சவர சோப்பில் ஸ்டியரிக் அமிலம்தான் தலைமை. தேங்காய் எண்ணெய் துணைக்கு.

ஆகவே கடையில் டப்பாவைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் படியுங்கள். பொட்டாசியம் ஸ்டியரேட் அல்லது ஸ்டியரிக் ஆசிட் என்று முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் இருந்தால் வாங்கலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பதற்குக் கடைக்காரர் முறைப்பார். பரவாயில்லை.

இன்னொன்று, வீட்டில் சைவம் பார்ப்பவர்கள் கவனிக்க: டாலோவேட் என்று போட்டிருந்தால் அது விலங்குக் கொழுப்பு. வெளிநாட்டுப் பழைய சோப்புகள் பலவற்றில் அதுதான் அடிப்படை. துருக்கியில் விற்கும் 'அர்கோ' என்ற குச்சி சோப்பும் நெடுநாள் அப்படித்தான் இருந்தது. விலை மலிவு, நுரை பிரமாதம், வாசனை ஊரைக் கூட்டும். இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு என்ற ஊர் கம்பளி ஆலைகளுக்குப் பேர்போனது, நமக்குப் பஞ்சாலை மாதிரி. அங்கே ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லேனோலின் மெழுகைச் சேர்த்து 'மிட்செல்ஸ் வுல் ஃபேட்' என்று ஒரு சோப்பு செய்கிறார்கள். வறண்ட தோல்காரர்களுக்கு நல்லது. ஆனால் அந்த விலைக்கு எங்கள் வீட்டில் ஒரு வார மளிகை வாங்கலாம். பரிசாக வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், தேடிப்போய் வாங்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

டியூபில் வரும் கிரீம்? அதுவும் சோப்புதான், தண்ணீர் கூடுதலாகச் சேர்த்து இளக்கியது. பிரஷ் போட்டு நுரைத்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். டப்பாவை அழுத்தினால் புஸ்ஸென்று வரும் நுரைதான் எனக்குப் பிடிப்பதில்லை. அதைத் தள்ளிவிடுவது உள்ளே அடைத்த வாயு. பார்க்க மலை மாதிரி இருக்கும், உள்ளே காற்று. முடி நனையவே நனையாது.

நனைவதுதான் முக்கியம். காய்ந்த தாடி முடி விறைப்பானது. இரண்டு மூன்று நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறினால் தண்ணீரைக் குடித்து இளகிவிடும். அந்தத் தண்ணீர் ஆவியாகாமல் பிடித்துவைப்பதும், பிளேடு வழுக்கிக்கொண்டு போக வழிவிடுவதும்தான் நுரையின் வேலை. அதனால் குளித்து முடித்த கையோடு சவரம் செய்வது நல்லது.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். கோயமுத்தூர்க்காரர்களிடம் சிறுவாணியைப் பற்றிப் பேசினால் நிறுத்த மாட்டார்கள், நானும் அப்படித்தான். அணை இருப்பது கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், குடிப்பது நாம். அந்தத் தண்ணீரில் உப்பு குறைவு. சோப்பு பட்டதும் நுரைக்கும். ஆனால் என் வீட்டுக் குழாயில் அது எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது? மற்ற நாளெல்லாம் ஆழ்குழாய்த் தண்ணீர்தான். அதில் கால்சியம், மக்னீசிய உப்பு. அவை ஸ்டியரேட்டோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பிசுக்காகப் படிந்துவிடும். நீங்கள் தேய்க்கிற சோப்பில் பாதி இந்தப் பிசுக்குக்கே போய்விடும். மிச்சத்தில் என்ன நுரை வரும்? "இந்த சோப்பு சரியில்லை" என்று மூன்று கம்பெனி மாற்றியவர்கள் பலர். சோப்பின் மேல் குற்றமில்லை, தண்ணீர் அப்படி.

ஒரே அளவு சோப்புத் துருவலை இரண்டு பாட்டிலில் போட்டு, ஒன்றில் சிறுவாணி, ஒன்றில் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிய சோதனை நினைவிருக்கிறதா? கிணற்றுத் தண்ணீர் பாட்டிலைக் குலுக்கிக் குலுக்கிக் கை வலித்து உட்கார்ந்த பையன் இப்போது திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனி நடத்துகிறார். இதைப் படிப்பார். வீட்டிலும் செய்து பாருங்கள். பரிகாரம் எளிது. ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தெளியவைத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதி அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். மேலாக ஊற்றி எடுத்து அதில் பிரஷ்ஷை நனையுங்கள். வீட்டில் ஆர்.ஓ. இருந்தால் அந்தத் தண்ணீர் ஒரு டம்ளர் போதும். ஐப்பசி மழைத் தண்ணீர் கிடைத்தால் இன்னும் விசேஷம்.

இந்த அளவோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். படத்தைப் பார்த்துவிட்டு ஒரு மாணவி போன் செய்தார். கோவையில் மருந்தாளுநராக இருக்கிறார். எங்கள் ஊர் நாவிதரின் பேத்தி. "சார், நொரையப் பத்தி எழுதுங்க. ஆனா எங்க தாத்தா உங்கூட்டு வாசல்ல நின்னதையும் சேத்து எழுதுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

என் சின்ன வயதில் எங்கள் ஊரில் சலூன் கிடையாது. பெரியவர் வீடு வீடாக வருவார். செவ்வாய், வெள்ளி கத்தி எடுக்க மாட்டார். தோளில் அடைப்பம். அதற்குள் இரண்டு கத்தி, தீட்டுகிற கல், தோல்வார், கத்தரி, நகம் வெட்டுகிற சிற்றுளி, ஒரு பித்தளைக் கிண்ணி. ஒரு கத்தியில் 'சோலிங்கன்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அது ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன ஊர் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவருக்கு அது "சீமைக் கத்தி".

அவர் வெறும் தண்ணீரில் சவரம் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். கிண்ணியில் தொட்டுத் தொட்டு, கட்டைவிரலால் தாடையை ஐந்து நிமிடம் அழுத்தித் தேய்ப்பார். முடி இளகிவிடும். மேலே நான் அமிலம், காரம் என்று எழுதியதெல்லாம் அந்தக் கட்டைவிரலுக்குத் தெரியும். பிற்பாடு உருண்டை சோப்பு வந்தது. கோத்ரெஜ் ஷேவிங் ரவுண்டு. நனைத்த பிரஷ்ஷை அதில் ஒரு சுற்றுச் சுற்றி முகத்தில் வைத்தாரானால் அந்த வாசனை வேப்பமரத்தடி முழுக்க நிற்கும்.

வேப்பமரத்தடி என்றேன். திண்ணையில் அல்ல. அதுதான் அந்த மாணவி சொன்ன விஷயம். ஊரில் அத்தனை பேர் முகத்தையும் தொட்டவர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்ததில்லை. காப்பி வெளியே வரும், தனி டம்ளரில். அவரே கழுவி வைத்துவிட்டுப் போக வேண்டும். கூலி பணமாகக் கிடையாது, வருசத்துக்கு ஒருமுறை களத்தில் தானியம். வெள்ளாமை பொய்த்த வருசம் அவருக்கும் பொய்த்தது. எட்டு வயதுப் பொடியன்கள்கூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அவர் எங்கள் ஐயனைவிட மூத்தவர். கல்யாணத்தில் மட்டும் அவர் இல்லாமல் சீர் நடக்காது. கம்பர் பாடியது என்று நம் பக்கம் சொல்லும் மங்கல வாழ்த்தை அவர்தான் நின்று பாட வேண்டும். ஒரு எழுத்துப் பிசகாமல் பாடுவார், பள்ளிக்கூடம் போகாதவர். பாடி முடித்ததும் பந்தியில் அவருக்கு இடம் கடைசி.

இதையெல்லாம் "அந்தக் காலத்தில் எல்லாரும் எவ்வளவு ஒற்றுமையாக இருந்தோம்" என்று நம் உறவினர் குழுக்களில் எழுதுகிறார்களே, அவர்கள் எந்த வாசலில் நின்று பார்த்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

பெரியவரின் மகன் அடைப்பத்தைத் தூக்கவில்லை. எண்பதுகளில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் சலூன் போட்டார். சுழல் நாற்காலி, இரண்டு பக்கமும் கண்ணாடி, வானொலி. சுவரில் விலைப்பட்டியல். அந்தப் பட்டியலை எங்கள் ஊரில் சிலர் பொறுத்துக்கொள்ளவே இல்லை. "வூட்டுக்கு வந்து பண்ணுனவன் மகன், இப்ப நாம போயி வரிசைல உக்காரோணுமா" என்று பேச்சு. உட்கார்ந்தார்கள். வேறு வழி இல்லை.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். அந்தப் பயம் கிராமம் வரை வந்தபோது அவர் கத்தியை மாற்றினார். பாதி பிளேடு செருகும் கத்தி, ஆளுக்கு ஒரு புது பிளேடு. உருண்டை சோப்பும் அப்போதுதான் அவர் கடையிலிருந்து போனது. எல்லார் முகத்துக்கும் ஒரே கிண்ணம் என்பது அவருக்கே பிடிக்கவில்லை. டியூப் கிரீம் வந்தது. இன்றைக்கும் சலூனுக்குப் போகிறவர்கள் கவனியுங்கள்: பிளேடை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ஊருக்கெல்லாம் தேய்க்கிற படிகாரக் கட்டியை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மஞ்சள் காமாலையில் பி வகை ரத்தத்தின் வழியாகப் பரவுவது. வீட்டில் அண்ணன் தம்பிக்குள்கூட ரேசர் மாற்றிப் போடக் கூடாது.

இடையில் ஒன்று சொல்ல விட்டுப்போகக் கூடாது. சோப்பே வேண்டாம், தண்ணீரே வேண்டாம் என்று கருவி செய்தவரும் நம்ம ஊர்க்காரர்தான். ஜி.டி. நாயுடு. 1893-இல் கலங்கலில் பிறந்தவர், 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டித் தொழில் தொடங்கியவர். மின்கலத்தில் ஓடும் சின்ன மோட்டார் வைத்து 'ரேசண்ட்' என்ற சவரக் கருவியை உருவாக்கினார். மிக மெல்லிய சவர பிளேடும் செய்தார். நான் அவினாசி ரோட்டுக் கண்காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனபோதெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன். எலக்ட்ரிக் ரேசர் என்றால் சீமைச் சரக்கு என்று நினைக்கிற பையன்களுக்கு அது தெரிய வேண்டும். அவர் மேல் எனக்கு மரியாதை அதிகம். ஆனாலும் நான் சோப்புக் கட்சி.

எங்கள் ஐயனும் சோப்புக் கட்சிதான். 2009-இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறியது. ஏழு மாதம் படுக்கை. ஒரு நாள் தாடி வளர்ந்தாலும் இடது கையால் தடவித் தடவிப் பார்த்துச் சங்கடப்படுவார். எனக்கு அவர் முகத்தில் பிளேடு வைக்க தைரியம் இல்லை. ஒரு பக்கக் கன்னம் தொங்கிக் கிடந்தது. சலூன்காரரிடம் போய்ச் சொன்னேன். கடை விடுமுறை நாளில் தானே வருவதாகச் சொன்னார். வரச்சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நான் தயங்கியதை அவர் கவனித்திருக்க வேண்டும். "வாத்தியாரே, சீக்காளிக்குக் கடை, வூடுன்னு இல்லீங்க" என்றார்.

நேராக உள் அறைக்குள் வந்து கட்டிலில் ஐயன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பையிலிருந்து எடுத்தது டியூப் அல்ல, ஒரு புது உருண்டை சோப்பு. "இவருக்கு இந்த வாசனைதான் தெரியும்" என்றார். பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்துக் கிண்ணத்தில் சுற்றினார், முகத்தில் வைத்தார். ஐயன் கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ அவர் வாசல்படி ஏறும்போது ஐயன் கட்டிலில் இருந்தபடி "வாங்க" என்றார். எனக்கு நன்றாகக் கேட்டது. அவரையும் அவர் அப்பாவையும் ஐயன் "வா, போ" என்று கூப்பிட்டுத்தான் நாங்கள் கேட்டிருக்கிறோம். அம்மா அடுக்களையிலிருந்து, "நாக்குக் கொழறிப்போச்சு சாமி, என்ன சொல்றாருன்னே தெரியறதில்ல" என்றார். சலூன்காரர் ஒன்றும் சொல்லவில்லை. வெந்நீர் கேட்டார்.

அவர் வர முடியாத நாட்களுக்காக எனக்கும் கற்றுக்கொடுத்தார். இன்றுவரை நான் செய்வது அந்த முறைதான், அதனால் அப்படியே சொல்கிறேன். பிரஷ்ஷை முதலில் தண்ணீரில் ஊறவைத்து, உதறிவிட்டு, சோப்பின் மேல் அரை நிமிடம் சுற்ற வேண்டும். பிறகு கிண்ணத்திலோ உள்ளங்கையிலோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுச் சுற்ற வேண்டும். கட்டித் தயிர் பதம் வர வேண்டும். குமிழி தெரிந்தால் தண்ணீர் அதிகம், பிரஷ் முகத்தில் ஒட்டினால் தண்ணீர் குறைவு. முதல் தடவை முடி வளர்கிற போக்கிலேயே, மேலிருந்து கீழாக. கன்னத்திலும் கழுத்திலும் போக்கு வேறு வேறு. இரண்டு நாள் தாடியை விரலால் தடவினால் தெரிந்துவிடும். "கன்னத்த இழுத்துப் புடிங்க வாத்தியாரே, கத்திய அழுத்திப் புடிக்காதீங்க" என்பார். "நொரை காஞ்சா கத்தி கடிக்கும்" என்பார். காயவிடாமல் இன்னொரு தரம் நுரை போட்டு, இரண்டாவது தடவை குறுக்காக. அவ்வளவு போதும். எதிர்ப்போக்கில் வழித்து மழமழவென்று ஆக்க ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் முடி தோலுக்குள் மடங்கிப் பொரிப்பொரியாக வருகிறது. அக்கா மகன் இந்த வரியை இரண்டு தரம் படிக்கவும்.

முடித்ததும் குளிர்ந்த தண்ணீர், பிறகு படிகாரத்தை நனைத்து லேசாக ஒரு தடவல். சின்னக் கீறலில் ரத்தம் நிற்கும். எந்த இடத்தில் எரிகிறதோ அங்கே அழுத்திவிட்டோம் என்று அர்த்தம். எனக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருசம் ஆகிறது. புண் ஆற நாளாகும், ஒரு கீறலைக்கூட நான் அலட்சியம் செய்வதில்லை. என்னைப் போன்றவர்கள் பிளேடை நாலைந்து சவரத்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். மொண்ணை பிளேடுதான் வெட்டும்.

பிரஷ்ஷுக்குப் பன்றி முடி, பேட்ஜர் முடி என்றெல்லாம் உண்டு. நைலான் போதும், சீக்கிரம் காயும், விலையும் குறைவு. பயன்படுத்தியபின் அலசி உதறி, காற்றாட வையுங்கள். சோப்பு தண்ணீரில் மிதக்கக் கூடாது. கிண்ணத்தைக் கவிழ்த்து வடித்துவிட்டால் ஒரு உருண்டை எனக்கு நாலு மாதம் வருகிறது. டவுன்ஹால் பக்கம் சலூன் சாமான் விற்கிற கடைகளில் கேட்டுப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் ஆன்லைனில் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ஜெர்மனி சோப்பை இந்த வாரம் சலூன்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இப்போது கடையை அவர் மருமகன் பார்க்கிறார், இவர் சும்மா வந்து உட்கார்ந்திருப்பார். முகர்ந்து பார்த்தார், உள்ளங்கையில் கொஞ்சம் நுரைத்துப் பார்த்தார். "நொரை நல்லாத்தான் இருக்குதுங்க. வாசம் கொஞ்சம் தூக்கலு" என்றார். பாதியை வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது யாராவது வாங்கிவருவதாக இருந்தால் மென்தால் போட்டது வேண்டாம், எனக்குத் தும்மல் வருகிறது. விலங்குக் கொழுப்பு இல்லாததாகப் பாருங்கள், உங்கள் டீச்சரம்மா அதை வீட்டுக்குள் விட மாட்டார். சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள். மத்தியானம் தூங்கி எழுந்து பதில் போடுகிறேன்.